மேனிலை வகுப்பில் ஸ்பானிய மொழிப் பயிற்சிகள்

அயல்நாட்டு மொழியைக் கற்பது ஒரு காலத்தில் தூதரகப் பணிக்குச் செல்வோருக்கும் இலக்கிய ஆராய்ச்சியாளருக்கும் மட்டுமே உரியது எனக் கருதப்பட்டு வந்தது. அந்நிலை இன்று இல்லை. நம் நாட்டுச் சமையலறைகளுக்கு வந்து சேரும் சோயா எண்ணெயில் கணிசமான பங்கு அர்ஜென்டினாவிலிருந்து இறக்குமதியாகிறது. அதே நாட்டின் கத்தமார்க்கா மாநிலத்தில் லித்தியம் கனிமத்தைத் தேடுவதற்கான உடன்பாட்டில் இந்தியப் பொதுத்துறை நிறுவனம் ஒன்று 2024 ஜனவரியில் கையெழுத்திட்டது. இந்திய விமானப் படைக்கு 56 சி-295 ரக விமானங்களை வாங்க 2021இல் ஒப்பந்தமாயிற்று. அவற்றுள் 16 ஸ்பெயினின் செவில் நகரில் உருவாக, 40 விமானங்களை வதோதராவிலேயே உருவாக்குவது என முடிவு செய்யப்பட்டது. இத்தகைய பணிகளில் ஈடுபடும் பொறியாளரும் வணிகரும் எதிர்கொள்ளும் மொழி ஸ்பானியமே. சுமார் 20 நாடுகளின் ஆட்சிமொழியாகவும், ஏறத்தாழ 50 கோடி மக்களின் தாய்மொழியாகவும், ஐக்கிய நாடுகள் சபையின் ஆறு அலுவல் மொழிகளுள் ஒன்றாகவும் அது விளங்குகிறது.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, இடைநிலைக் கல்வியில் கற்பிக்கத்தக்க அயல்மொழிகளைக் குறிப்பிடுகையில் ஸ்பானியத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்துள்ளது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடப்பட்டியலிலும் இம்மொழி இடம்பெற்றிருக்கிறது. ஆசிரியர்களை உருவாக்க டில்லியின் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகமும், ஹைதராபாத்திலுள்ள ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகமும் உள்ளன. ஸ்பெயின் அரசு 1991இல் நிறுவிய செர்வாந்தெஸ் நிலையத்தின் கிளை ஒன்றும் புதுடில்லியில் இயங்கி வருகிறது.

ஏற்பாடுகள் இருந்தும் குறை ஒன்று நீடிக்கிறது. பல ஆண்டுகள் ஸ்பானியம் பயின்ற மாணவர் வினைச்சொல்லின் எல்லா வடிவங்களையும் பிழையின்றி எழுதுகிறார். ஆனால் ஸ்பானியர் ஒருவர் எதிரே நின்று ஒரு சாதாரணக் கேள்வி கேட்டால் வாயடைத்துப் போகிறார். தேர்வு மதிப்பெண்களின் பெரும்பகுதி எழுத்துத் தேர்வுக்கே ஒதுக்கப்படுவது இதற்கு ஒரு காரணம். ஆயினும் அது முழுக் காரணமாகாது. வகுப்பறையில் ஸ்பானியத்தில் பேச வேண்டிய தேவையே மாணவருக்கு எழுவதில்லை. ஆசிரியருக்கு விடை தெரியும், மாணவருக்கும் தெரியும், தெரிந்ததையே ஒருவர் கேட்க மற்றவர் சொல்கிறார். இத்தகைய உரையாடல் உலகில் வேறெங்கும் நடப்பதில்லை.

தென்னிந்தியப் பள்ளிகளில் பிறந்த முறை

இக்குறைக்கு மருந்தாக உலகெங்கும் இன்று பரிந்துரைக்கப்படும் 'செயற்பணி வழிக் கற்பித்தல்' என்னும் முறை, அதன் முக்கிய வேர்களுள் ஒன்றை நம் நாட்டிலேயே கொண்டுள்ளது என்பது பலர் அறியாத செய்தி. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு என்னும் கல்வியாளர், 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய இடங்களைச் சேர்ந்த சில சாதாரணப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிப்பதற்கான ஒரு சோதனைத் திட்டத்தை நடத்தினார். அது பெங்களூர்த் திட்டம் என்றே பெயர் பெற்றது. இலக்கணத்தை வரிசைப்படுத்திப் புகட்டுவதற்கு மாறாக, ரயில் கால அட்டவணையைப் படித்துப் பயணத்திட்டம் வகுப்பது, வரைபடத்தைப் பார்த்து வழி காண்பது போன்ற புதிர்கள் மாணவரிடம் கொடுக்கப்பட்டன. மனம் பொருளில் ஊன்றியிருக்கும்போது மொழியின் அமைப்பு தானே படிகிறது என்பது பிரபுவின் கொள்கை. 1987இல் அவர் வெளியிட்ட நூல் மொழியாசிரியர் பயிற்சியில் இன்றும் எடுத்தாளப்படுகிறது.

பிரபு செயற்பணிகளை மூன்று வகையாகப் பிரித்தார். ஒருவருக்குத் தெரிந்த செய்தியை மற்றவர் கேட்டறிவது முதல் வகை. கிடைத்த செய்திகளிலிருந்து புதிய முடிவு ஒன்றை ஊகித்தறிவது இரண்டாம் வகை. தத்தம் கருத்தையோ விருப்பத்தையோ வெளியிடுவது மூன்றாம் வகை. இவற்றுள் இரண்டாம் வகையே வகுப்பறைக்கு மிகவும் ஏற்றது என்பது அவர் கண்ட முடிவு. கருத்துக் கூறச் சொன்னால் கூச்சமுள்ள மாணவர் ஒதுங்கிவிடுவர். கணக்கைப்போல் ஒரு விடை காண வேண்டுமெனில் எல்லோரும் முயல்வர்.

இம்முறை பின்னர் ஐரோப்பாவில் வேரூன்றியது. பார்சிலோனாவில் 1997இல் முதன்முதலாக வெளிவந்த 'கெந்தே' என்னும் ஸ்பானியப் பாடநூல் செயற்பணிகளையே அடிப்படையாகக் கொண்டது. அதன் வழியே வந்த பாடநூல்களை விலை கொடுத்து இறக்குமதி செய்து, அவற்றிலுள்ள செயற்பணிகளைக் கடந்துசென்று, இலக்கண அட்டவணையை மட்டும் கரும்பலகையில் எழுதிப்போடும் வழக்கத்தை என்னவென்று சொல்வது!

ஆங்கிலத்தின் குறுக்கீடு

பயிற்சிகளை விவரிக்குமுன் ஒன்றைத் தெளிவுபடுத்துதல் நலம். இந்தியப் பள்ளிகளில் ஸ்பானியம் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வாயிலாகவே கற்பிக்கப்படுகிறது. இதனால் மாணவருக்கு இயல்பாக எளிதாயிருக்க வேண்டியவை கடினமாகிவிடுகின்றன. 'எனக்கு மாம்பழம் பிடிக்கும்' என்பதை ஸ்பானியர் 'மே குஸ்தா எல் மாங்கோ' என்பர். 'மே' என்பது 'எனக்கு', மாம்பழமே எழுவாய். இந்தியில் 'முஜே ஆம் பஸந்த் ஹை' என்பதும் இதே அமைப்பு. ஆங்கில வாக்கியத்தில் விரும்புகிறவரே எழுவாயாக நிற்பதால், அதன் வழியே வரும் மாணவர் இவ்வமைப்பைத் தலைகீழ்ப் பாடமாக எண்ணித் திணறுகிறார். 'வந்தேன்' என்றாலே 'நான்' என்பது வினையிறுதியில் அடங்கிவிடுவதும், நீ, நீங்கள் என்னும் வேறுபாடு 'தூ', 'உஸ்தெத்' என அங்கும் இருப்பதும் அத்தகையனவே. உச்சரிப்பிலும் இவ்வாறே: ஸ்பானியத்தில் தக்காளி 'தொமாத்தே', ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படிக்கும் மாணவர் அதை 'டொமாட்டே' என்கிறார். தாய்மொழி எழுத்தில் ஒருமுறை எழுதிப் பார்த்தால் இப்பிழை உடனே நீங்கும்.

மேனிலை மாணவர்களைப் பெரிதும் மருட்டுவது, நடந்ததைக் கூறாமல் விருப்பம், ஐயம், தேவை ஆகியவற்றைக் குறிக்கும் தனி வினைவடிவம். 'அவன் வருகிறான்' என்பதற்கு 'வியெனே'; 'அவன் வர வேண்டுமென விரும்புகிறேன்' என்பதற்கு 'கியெரோ கே வேங்கா'. ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிட்டது. இந்தியிலோ 'ஆதா ஹை' என்பதும் 'மைம் சாஹ்தா ஹூம் கி வஹ் ஆயே' என்பதில் வரும் 'ஆயே'யும் அதே வேறுபாட்டைக் காட்டி நிற்கின்றன. டில்லியிலோ போபாலிலோ உள்ள மாணவர் இவ்விலக்கணத்தைப் பிறந்தது முதல் பயன்படுத்தி வருகிறார்; அதை அவருக்கு எடுத்துக்காட்டுவாரில்லை. ஆகவே, பயிற்சி தொடங்குமுன் ஐந்து நிமிடம் தாய்மொழி வாக்கியங்களோடு ஒப்பிடுவது காலவிரயமாகாது.

நேற்று மாலை எங்கிருந்தீர்?

இறந்தகாலத்தை இருவகையாக உரைப்பது ஸ்பானியத்தின் இயல்பு. 'தினமும் நடந்து போவான். அன்று பேருந்தில் போனான்' என்று தமிழில் வேறுபடுத்துவதைப்போல, வழக்கத்தையும் பின்னணியையும் சொல்ல 'ஈபா' என்றும், நடந்து முடிந்த செயலைச் சொல்ல 'ஃபுயே' என்றும் இரு வடிவங்கள் உள்ளன. இதைப் பயில்விக்க மொழியாசிரியர் பலரும் கையாளும் விசாரணை விளையாட்டு மிகவும் ஏற்றது.

நேற்று மாலை ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையே பள்ளி அலுவலகத்தில் ஒரு பொருள் களவு போயிற்று என வைத்துக்கொள்வோம். ஐயத்துக்குரியவர் இரு மாணவர். அந்நேரத்தில் இருவரும் சேர்ந்து ஓர் உணவகத்தில் இருந்ததாகச் சாதிக்க வேண்டும். வகுப்புக்கு வெளியே சென்று தங்கள் கதையைப் பொருத்திக்கொள்ள அவர்களுக்கு ஐந்து நிமிடம் தரப்படுகிறது. அதற்குள் ஏனையோர் குழுக்களாகப் பிரிந்து கேள்விகளைத் தயாரிக்கின்றனர். பின்னர் ஒருவர் உள்ளே அழைக்கப்படுகிறார். அவரை விசாரித்து முடித்த பிறகே அடுத்தவர் வருகிறார். யார் முதலில் வந்தார், என்ன உண்டனர், யார் பணம் கொடுத்தார் என்பவை ஒரு வடிவத்தைக் கோரும். பரிமாறியவர் என்ன நிறச் சட்டை அணிந்திருந்தார், வெளியே மழை பெய்துகொண்டிருந்ததா என்பவை மற்ற வடிவத்தைக் கோரும். இருவர் கூற்றிலும் உள்ள முரண்பாடுகளை வகுப்பு எண்ணிக்கொள்கிறது. குறித்த எண்ணிக்கையைத் தாண்டினால் குற்றம் உறுதியாகிறது.

இதன் சிறப்பு, நாற்பது பேர் கொண்ட வகுப்பிலும் இது தளர்வதில்லை என்பது. கேட்பவர் அனைவரும் கவனமாகக் கேட்டே தீரவேண்டும். ஏனெனில் முதல் மாணவர் சொன்ன விடை இரண்டாமவரை மடக்கத் தேவைப்படும். பேசும்போது ஆசிரியர் குறுக்கிட்டுத் திருத்தலாகாது. பிழைகளைக் குறித்துக்கொண்டு, மறுநாள் பெயர் குறிப்பிடாமல் பலகையில் எழுதி வகுப்பையே திருத்தச் செய்தல் நன்று. இத்திருத்தத்தை ஏலமாக நடத்துவதும் உண்டு: பத்து வாக்கியங்களில் சரியானவை எவை எனக் கணித்து, குழுக்கள் கற்பனைப் பணத்தைக் கொண்டு அவற்றை ஏலத்தில் எடுக்கும், தவறான வாக்கியத்தை வாங்கிய குழுவுக்கு நட்டம்.

நீதிமன்றம் கூடுகிறது

முற்றிய மாணவர்களுக்கு இதனினும் கடினமான பணி வேண்டும். அதற்கு ஸ்பெயினின் வலென்சியா நகரில் உள்ள தண்ணீர் நீதிமன்றம் அரியதோர் வாய்ப்பைத் தருகிறது. தூரியா ஆற்றிலிருந்து பிரியும் எட்டு வாய்க்கால்களின் பாசனத் தகராறுகளைத் தீர்ப்பதற்காக, அந்தந்த வாய்க்காலின் உழவர் தேர்ந்தெடுத்த எட்டுப் பிரதிநிதிகள் ஒவ்வொரு வியாழக்கிழமையும் நண்பகலில் நகரத் தலைமைக் கோவிலின் அப்போஸ்தலர் வாயிலில் கருப்பு மேலங்கி அணிந்து கூடுகின்றனர். வழக்கறிஞர் இல்லை. விசாரணை முழுவதும் வாய்மொழியாகவே நடக்கும். யார் பேசலாம் என்பதைத் தலைவர் தம் காலை நீட்டிக் காட்டுவது மரபு. வழக்கு எந்த வாய்க்காலைச் சேர்ந்ததோ அதன் பிரதிநிதி தீர்ப்பில் பங்கு கொள்வதில்லை. தீர்ப்புக்கு மேல்முறையீடும் இல்லை. யுனெஸ்கோ நிறுவனம் 2009இல் இதை மானிடப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. அங்கே வழங்குவது வலென்சிய மொழி என்பதை மாணவருக்குச் சொல்லிவிட்டு, வகுப்பில் ஸ்பானியத்தில் நடத்தலாம்.

முறைவைத்து நீர் பாய்ச்சும் வழக்கம் நம் மாணவருக்குப் புதிதன்று. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் 'வாராபந்தி' என்று வழங்குவதும், தமிழ்நாட்டு ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி மடை திறந்து பங்கிடுவதும் இத்தகைய ஏற்பாடுகளே. ஆகவே மாட்ரிட் நகரத்து உணவகக் காட்சியை நடிப்பதைவிட இவ்வழக்கை வாதிடுவது அவர்களுக்கு நெருக்கமாக இருக்கும். கிராமத்திலிருந்து வந்த ஒரு மாணவர், மொழியில் பின்தங்கியவராயினும், பொருளில் முன்னிற்க இங்கு இடமுண்டு.

பாத்திரங்கள் பதின்மூன்று: பிரதிநிதிகள் எட்டுப் பேர், வாதி, பிரதிவாதி, வாய்க்கால் காவலர், சாட்சிகள் இருவர். நாற்பது பேர் உள்ள வகுப்பில் மூன்று மன்றங்கள் ஒரே நேரத்தில் கூடலாம். எஞ்சும் ஒருவர் ஆசிரியருக்கு உதவியாகக் குறிப்பெடுப்பார். ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை தரப்படுகிறது. இரவு இரண்டு மணிக்கு மதகு திறந்திருக்கக் கண்டதாக முதல் சாட்சியின் அட்டை கூறும். மராமத்து வேலையால் அவ்வாரம் முறை ஒருநாள் தள்ளிப்போனது காவலரின் அட்டையில் மட்டும் இருக்கும். அச்செய்தி தம் வீட்டுக்கு வந்து சேரவில்லை என்பது பிரதிவாதியின் அட்டை. பக்கத்து வயலில் வெள்ளம் புகுந்து விதைப்பு அழிந்தது வாதியின் குறை. யாரிடமும் முழு உண்மை இல்லை. கேட்டறிந்து, இணைத்து, நியாயம் காண வேண்டும். பிரபு சிறப்பித்த இரண்டாம் வகைப் பணி இதுவே.

இங்கே இலக்கணம் தேடி வருகிறது. 'முறை மாறியது தெரிந்திருந்தால் திறந்திருக்க மாட்டேன்' என்று பிரதிவாதி சொல்லியே ஆகவேண்டும். ஸ்பானியத்தில் அது, 'சி லோ உபியெரா சபீதோ, நோ லா அப்ரீயா அபியெர்தோ'. பாடநூலின் இறுதியில் வந்து மாணவரை அச்சுறுத்தும் இவ்வாக்கிய அமைப்பு, தன்னைக் காத்துக்கொள்ள வேண்டியவரின் வாயில் உயிர் பெறுகிறது. 'அவர் சொல்வது உண்மையென நான் நம்பவில்லை' என்று வாதி மறுக்கும்போதும், 'இழப்பீடு தர வேண்டியது அவசியம்' என்று மன்றம் ஆணையிடும்போதும் முன்சொன்ன விருப்ப, ஐய வடிவம் தவறாமல் வரும்.

ஒரு பாடவேளை நாற்பது நிமிடமெனில், அட்டைகளைப் படித்து ஐயம் தெளியப் பத்து நிமிடம், விசாரணைக்கு இருபது, தீர்ப்பை எழுதப் பத்து எனப் பகுத்துக்கொள்ளலாம். மூன்று மன்றங்களும் மூன்று விதமாகத் தீர்ப்பளிப்பது உண்டு. அவற்றை அடுத்த பாடவேளையில் ஒப்பிட்டு வாதிப்பதே ஒரு தனிப் பயிற்சியாகிவிடும்.

குழுவாகப் பேசினால் ஒருவர் பிழை மற்றவரைத் தொற்றும் என்று தயங்கும் ஆசிரியர் உண்டு. இத்தயக்கம் ஆதாரமற்றதன்று, பிரபுவே தம் திட்டத்தில் குழுப்பணியை வலியுறுத்தவில்லை. இதே போன்ற வேறொரு சிறு வழக்கை முதலில் ஆசிரியரே முழு வகுப்புடனும் சேர்ந்து விசாரித்துக் காட்டுவது அவர் முறைக்கு ஒத்தது. அவ்வாறு செய்தபின் குழுக்களைப் பிரித்தால் தேவையான சொற்களும் தொடர்களும் முன்பே காதில் விழுந்திருக்கும்.

மொழிபெயர்ப்பும் இடைநின்று உரைத்தலும்

பேச்சுக்கு முதன்மை தருவதால் படிப்பைக் கைவிட வேண்டியதில்லை. தாகூரின் 'அஞ்சலகம்' நாடகத்தை சேனோபியா கம்ப்ரூபி என்னும் அம்மையார் தம் கணவரும் கவிஞருமான ஹுவான் ரமோன் ஹிமேனெஸுடன் சேர்ந்து ஸ்பானியத்தில் பெயர்த்தார். 'மன்னரின் தபால்காரர்' என்னும் பொருளுடைய தலைப்பில் அது 1917இல் வெளிவந்தது. அதன் ஒரு காட்சியை மாணவர் தம் தாய்மொழியில் பெயர்த்து, பின்னர் அந்நாடகத்தின் இந்தி அல்லது தமிழ் மொழிபெயர்ப்போடு ஒப்பிடலாம். கதை முன்பே தெரிந்திருப்பதால் அகராதியின் தேவை குறைவு. சொல்லின் நுட்பத்தில் கவனம் செல்லும்.

மற்றொரு பயிற்சி, இரு மொழியினர்க்கிடையே நின்று பொருள் உரைப்பது. ஐரோப்பியக் கவுன்சில் 2001இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலிலும் இத்திறனுக்கு இடமுண்டு. மெக்சிகோவிலிருந்து 1966இல் இந்தியா 18,000 டன் கோதுமை விதையை இறக்குமதி செய்தது. அதன் பெயர் 'லெர்மா ரோஹோ'. லெர்மா மெக்சிகோவின் ஓர் ஆறு. ரோஹோ என்றால் சிவப்பு. அச்செந்நிற மணியை நம் மக்கள் அவ்வளவாக விரும்பாததால், மெக்சிகோ வழிவந்த விதைகளிலிருந்தே பொன்னிற மணி தரும் கல்யாண் சோனா, சோனாலிகா ஆகிய இரகங்களை இந்திய விஞ்ஞானிகள் தேர்ந்தெடுத்தனர். இவ்வரலாற்றைக் கொண்டு ஒரு காட்சி அமைக்கலாம்: மெக்சிக நிபுணராக ஒருவர், பஞ்சாப் உழவராக ஒருவர், இடையே இருவர்க்கும் பொருள் சொல்பவராக ஒருவர். உழவர் தம் மொழியிலேயே பேசுவார். ரொட்டியின் நிறம் ஏன் முக்கியம் என்பதை நிபுணருக்கு விளக்க, மொழிபெயர்ப்பவர் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் போதாது. காரணத்தையும் எடுத்துரைக்க வேண்டும்.

நடைமுறைக்குக் கொண்டுவருதல்

இப்பயிற்சிகளுக்கு மொழி ஆய்வுக்கூடமோ விலையுயர்ந்த கருவியோ தேவையில்லை. வெட்டிய அட்டைகளும் கரும்பலகையும் போதும். ஸ்பானியம் இன்று பெரும்பாலும் நகரத் தனியார் பள்ளிகளிலேயே கற்பிக்கப்படுகிறது. அரசுப் பள்ளிகளுக்கும் அது பரவ வேண்டுமானால், செலவில்லாத முறைகளே துணை நிற்கும். ஆசிரியருக்கு ஆயத்த நேரம் மிகுதியாக வேண்டும் என்பது உண்மை. ஒரு வழக்குக்கான அட்டைகளை எழுத ஒரு மாலைப்பொழுது ஆகும். அவற்றை ஒரு நகரத்து ஆசிரியர்கள் தமக்குள் பரிமாறிக்கொண்டால் சுமை குறையும்.

பக்கத்து வகுப்பு ஆசிரியர் இரைச்சலைக் குறித்து முறையிடக்கூடும்; தலைமையாசிரியருக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடுதல் நலம். முதற்பருவத்தில் விசாரணை விளையாட்டை மாதம் ஒருமுறை நடத்தி, மாணவர் பழகியபின் இரண்டாம் பருவத்தில் தண்ணீர் நீதிமன்றத்தைக் கூட்டலாம். அதில் ஒவ்வொருவரும் பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்து, செய்தியைத் தெளிவாக உணர்த்தினாரா, மற்றவர் கூற்றைக் கேட்டு மறுமொழி தந்தாரா, வினைவடிவங்களைப் பொருத்தமாகக் கையாண்டாரா என்னும் மூன்று நோக்கில் மதிப்பிட்டு, உள்மதிப்பீட்டு மதிப்பெண்களில் ஒரு பகுதியை அதற்கு ஒதுக்கலாம். இதற்கு எழுத்துத் தேர்வின் விதிகளில் மாற்றம் எதுவும் தேவைப்படாது.